ஐஸ் கடிக்கிற சத்தம்

நோயாளி நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் நான் எத்தனை தடவை சொல்லியும் ஒருவர் காதிலும் ஏறவில்லை. என் வீட்டுக்காரருக்குத்தான் சர்க்கரை. மாத்திரையை மாற்றி எழுதி வாங்கப் போனோம். டோக்கன் அவர் பெயரில் இருந்தது. நான் துணைக்குப் போனவள். துணைக்குப் போனவளை உட்காரவைத்து, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எதற்கும் முதலில் கோபப்பட்டுவிட்டு அப்புறம்தான் மற்றதையெல்லாம் யோசிக்கிற பிறவி நான்.

அன்றைக்கு என்னைப் பிடித்து உட்காரவைத்ததற்குக் காரணம் ஐஸ். கடை ஐஸ் அல்ல, நானே வீட்டில் செய்த ஐஸ்.

வீட்டுக்காரர் சங்கரன்கோவிலில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். மேலநீலிதநல்லூர், கரிவலம் பக்கத்துக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் வெயில் காலத்தில்தான் புகைந்துகொண்டு அவரிடம் வரும். வேலை அதிகம், தாகமும் அதிகம். பங்குனி மாதம் ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் வாயைத் திறந்து பேசாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். சந்தேகப்பட்டு, "நாக்கை நீட்டுங்க பாப்போம்" என்றேன். நீட்டினார். பட்டுச்சேலைக் கரை மாதிரி ஆரஞ்சு நிறம். பஸ் ஸ்டாண்டில் குச்சி ஐஸ் தின்றுவிட்டு வந்திருக்கிறார், சர்க்கரை முந்நூறைத் தொட்டு நிற்கிற மனுஷன்.

அன்றைக்கு நான் பேசின பேச்சு தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஆனால் திட்டி என்ன ஆகப்போகிறது, வெயில் குறையுமா? சரி, தின்கிறதை வீட்டிலேயே செய்து கொடுத்துவிடுவோம் என்று ஆன்லைனில் ஐஸ் அச்சு வாங்கினேன். ஆறு குழி, மேலே மூடி, குச்சி செருக மூடியில் ஓட்டை.

முதல் இரண்டு தடவை உருப்படவில்லை. தேயிலையைக் கொதிக்கவிட்டுவிட்டேன். ஐஸ் ஆனபிறகு கசப்பு கஷாயம் மாதிரி நின்றது. பிறகுதான் பக்குவம் வந்தது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, தேயிலையும் நாலு புதினா இலையும் போட்டு மூட வேண்டும். நிறம் இறங்கியதும் வடிகட்டிவிட வேண்டும். நன்றாக ஆறிய பிறகு புளியங்குடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால், கறுத்துக் கிடந்த தண்ணீர் கண்ணெதிரே தேன் நிறத்துக்கு வெளுக்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் மகளைக் கூப்பிடுவேன். அவள் பிளஸ் டூ பரீட்சை முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். போனை விட்டுத் தலையை நிமிர்த்தி, "சூப்பர்ம்மா" என்பாள், மறுபடி குனிந்துகொள்வாள்.

பழத்தை முதலிலேயே போட்டால் எல்லாம் ஒரே பக்கமாய்ப் போய் ஒண்டிக்கொள்ளும். பாதி ஊற்றி உள்ளே வைத்து, கூழாக இறுகத் தொடங்கும்போது மாம்பழத் துண்டு, தர்பூசணி, கிடைத்தால் நுங்கு என்று செருகி, குச்சியை நட்டு, மீதியை ஊற்ற வேண்டும். அப்போதுதான் பழம் நடுவில் நிற்கும், குச்சியும் சாயாது. வீட்டுக்காரருக்குச் சீனி போடாத தேயிலை ஐஸ், பேருக்கு இரண்டு பழத்துண்டு. மகளுக்குச் சீனியும் பழமுமாக. அச்சிலிருந்து எடுக்க வெந்நீர் வேண்டும் என்று அச்சு வந்த பெட்டியில் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அதற்கென்று தனியாக அடுப்பு மூட்ட வேண்டாம். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் வெந்துகொண்டுதான் கிடக்கும். குழாயைத் திறந்து அச்சைக் காட்டினால் ஐஸ் வழுக்கிக்கொண்டு கையில் வந்துவிடும்.

வீட்டில் ஒரே பாராட்டு. வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போவதை விட்டுவிட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் செய்கிற ஐஸில் பாதிக்குமேல் தின்றது நான்தான். சப்பித் தின்கிற பொறுமை எனக்கு இல்லை, கடிப்பேன். பல்லுக்கடியில் அது நொறுங்குகிற சத்தம் கேட்டால்தான் மனசு ஆறும். சாப்பாடு முடிந்ததும் ஒன்று, ஆபீஸ் விட்டு வந்ததும் ஒன்று என்று ஆரம்பித்தது, பிறகு கணக்கில்லாமல் போனது. ஐஸ் தீர்ந்த நாட்களில் ஃப்ரீசரில் படிந்திருக்கும் பனியைக் கரண்டியால் சுரண்டித் தின்றேன். குருவிகுளத்தில் எனக்கு ஆபீஸ் வேலை. பஸ்ஸில் போகும்போது பையில் ஒரு ஸ்டீல் பிளாஸ்க் இருக்கும். அதில் தேயிலை ஐஸை உடைத்துப் போட்டுக்கொண்டு போவேன். ஃபைலைப் பார்த்தபடி கடக் கடக் என்று கடித்துக்கொண்டிருப்பேன்.

"ஏளா, ஒனக்கு வாயில இருக்கது பல்லா, மாவு மில்லா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். கேலிதான், ஆனால் கொஞ்சம் கொஞ்சலும் இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "தனக்குன்னு ஒண்ணும் எடுத்து வச்சுக்க மாட்டா. இதையாவது ஆசைப்பட்டுத் திங்கட்டும்." கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய சர்டிபிகேட் அது. அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் இன்னொரு ஐஸ் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கத்து வீட்டு அக்கா இன்னொரு வேலை செய்தாள். ஒருநாள் காம்பவுண்டுச் சுவர் மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தாள். "என்ன கிரீம் போடுதிய? ஆளே கலராயிட்டியளே. முகம் அப்படியே வெளுத்துப் பளிச்சுன்னு இருக்கு" என்றாள். ஆபீஸிலும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். நான் கிரீம் எதுவும் போடவில்லை, பழ ஐஸ்தான் தின்கிறேன் என்றேன். மறுவாரம் அக்காவும் அச்சு வாங்கிவிட்டாள். கண்ணாடியில் நானும் பார்த்துக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, கறுப்பாகவே பிறந்து கறுப்பாகவே நாற்பத்தைந்து வயது வரை வந்தவளுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் நிற்க வேண்டியிருந்தது. பஸ் படியேறி உட்கார்ந்தால் நெஞ்சு அடிக்கிறது காதில் கேட்கும். சித்திரை வெயிலில் யாருக்குத்தான் மூச்சு வாங்கவில்லை? ஊரே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் அலைந்தது. நான் இன்னொரு ஐஸைக் கடித்துக்கொண்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் வீட்டுக்காரரின் மாத்திரைக்காகப் போனோம். கூட்டம். தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. நான் பிளாஸ்க்கைத் திறந்து கடிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அறைக் கதவு திறந்து டாக்டரே வெளியே வந்தார். சின்ன வயது, புதிதாக வந்திருக்கிற பெண் டாக்டர்.

"இங்க யார் ஐஸ் கடிக்கிறது?" என்றார்.

சத்தம் போட்டதற்குத் திட்டப்போகிறார் என்று பிளாஸ்க்கை மூடிச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, யோசிக்காமல் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார். "இவதான் டாக்டர். எந்நேரமும் இப்படித்தான்" என்றார் சிரித்துக்கொண்டே.

டாக்டர் சிரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்து, கேட்காமல்கொள்ளாமல் என் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். கையைப் பிடித்து நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள வாங்கம்மா" என்றார்.

"நோயாளி நான் இல்ல, டாக்டர். இவுகதான்."

"தெரியும். நீங்க வாங்க."

உள்ளே உட்கார்ந்ததும் முதல் கேள்வி, எத்தனை நாளாக ஐஸ் கடிக்கிறேன் என்பது. வெயிலுக்குத்தானே என்றேன். மழைக்காலத்தில் கடிக்கவில்லையா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அச்சு வாங்குவதற்கு முன்னாலேயே, கார்த்திகை மாதம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பனியைச் சுரண்டித் தின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"வேற ஏதாவது திங்கணும்னு தோணுமா? மண்ணு, சாம்பல், பச்சரிசி, அந்த மாதிரி?"

"மண்ணா? நான் என்ன சின்னப்பிள்ளையா?" என்றேன்.

"டாக்டர், இவ கோயில் புத்துமண்ணு சாப்பிடுவா" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. எங்கள் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். சொறி சிரங்குக்குத் தடவுவார்கள், தீராத நோய்க்குத் தண்ணீரில் கரைத்து ஒரு வாய் குடிப்பார்கள், பிள்ளைகள் நெற்றியில் இடுவார்கள். வெளியூரிலிருந்து வந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போகிற ஜனம் எத்தனை. பிறந்ததிலிருந்து நான் அதைப் பூசியும் தின்றும் வளர்ந்தவள். ஒரு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் சன்னதிக்குப் போய் வாங்கிவந்து, சின்ன டப்பாவில் போட்டுக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். "அம்மன் மேல அக்காவுக்கு என்ன பக்தி" என்பார்கள்.

"அது மண்ணு இல்ல. பிரசாதம்" என்றேன். குரல் எனக்கே அதிகமாகத்தான் பட்டது.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "சாமியை நான் ஒண்ணும் சொல்லலைம்மா. ஒரு சிட்டிகை எடுத்தா பிரசாதம். நீங்க எவ்வளவு எடுக்கிறீங்க?"

வெள்ளிக்கிழமை நிரப்புகிற டப்பா ஞாயிற்றுக்கிழமை காலியாகிவிடும். திறந்தவுடன் வருகிற ஈரமண் வாசனைக்கே எனக்கு வாய் ஊறும். பஸ்ஸில், ஆபீஸில், சமையற்கட்டில் என்று யாரும் பார்க்காதபோது ஆள்காட்டி விரலை நனைத்து ஒற்றி ஒற்றித் தின்பேன். சாமியை நினைத்துக்கொண்டா தின்றேன்? அந்த நாற்காலியில் உட்கார்ந்து நிஜமாகவே யோசித்தேன். இல்லை. ஒருநாளும் சாமி ஞாபகம் வந்ததில்லை.

எதிரில் இருந்த லேபில் ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் எங்களைத்தான் முதலில் கூப்பிட்டார். பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு எனக்கு ஐந்துகூட இல்லை என்றார். வீட்டுக்காரர் மோட்டார்க்காரர் அல்லவா, "மீட்டர் கோளாறா இருக்கும் டாக்டர், இன்னொருக்கா பாக்கச் சொல்லுங்க. இவ காலையில எனக்கு இட்லி அவிச்சுத் தந்துட்டு, துணி தொவச்சுப் போட்டுட்டுல்லா வந்திருக்கா" என்றார். இன்னொரு தடவை எடுத்தார்கள். அதே அளவுதான்.

பிறகு டாக்டர் நிதானமாகச் சொன்னார். உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போனால் சிலருக்கு ஐஸ் மேல் வெறி வருமாம். சிலருக்கு மண் மேல். ஏன் அப்படி என்று முழுசாக யாருக்கும் தெரியாதாம். முகம் கலரானது ரத்தம் இல்லாத வெளுப்பாம். இருக்கிற கொஞ்ச ரத்தத்தை வைத்துக்கொண்டு ஓடி ஓடி என் இதயம் வீங்கத் தொடங்கியிருக்கலாமாம், இனிமேல் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், யாரோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

"ஐஸை என்ன போட்டுச் செய்வீங்க?" என்று கேட்டார்.

பக்குவம் கேட்கிறார் என்று நினைத்து, அந்த நிலைமையிலும் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்ட கையோடு தின்பேன் என்பதையும் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எலுமிச்சம்பழம் நல்லதும்மா, பழமும் நல்லது. தேயிலைதான் சோத்துல இருக்கிற இரும்பை உடம்புல ஒட்ட விடாது. அதுவும் சாப்பாட்டோட சேர்ந்தா." இத்தனை நாளாக நான் இலையைக் கணக்காகப் போட்டு, நிறம் பார்த்து, ஆறவைத்து, பழத்தை நடுவில் நிறுத்தி என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது.

"இவ்வளவு ரத்தம் எங்க போகுது?" இது கடைசிக் கேள்வி.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவர் வெளியே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவர் போகவில்லை. "நிக்கப்போற வயசு. கொஞ்சம் கூடுதலாத்தான் போகுது" என்றேன். எவ்வளவு நாளாக என்றார் டாக்டர். இரண்டு வருஷம் இருக்கும் என்றேன். கட்டி கட்டியாகப் போகுமா, தூக்கத்திலிருந்து எழுந்து மாற்ற வேண்டிவருமா, வேலைக்குக் கறுப்புச் சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். வீட்டுக்காரர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். ஒரே வீட்டில், ஒரே கூரைக்குள், பக்கத்தில் படுத்திருந்த மனுஷன். அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெரியவே தெரியாது என்பதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கேயே எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. பயப்படுகிற கட்டி இல்லை, ஆனால் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். முதலில் திருநெல்வேலிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும், பஸ்ஸில் போகக் கூடாது என்றார். மகள் மாற்றுத்துணியோடு வந்து சேர, கார் பிடித்துப் போனோம். பாதி வழியில் எனக்கு ஐஸ் கேட்டது. உயிர் போகிறது என்று சொல்லியிருக்கிறார்கள், அப்போதும் நாக்குக்கு அதுதான் வேண்டியிருந்தது. பிளாஸ்க் வீட்டுக்காரர் மடியில் இருந்தது. அவர் மூடியைப் பிடித்துக்கொண்டு, "குடுக்கலாமா கூடாதான்னு கேக்காம வந்துட்டமே" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் இரண்டாவது பை தொங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சு அடிப்பது காதில் கேட்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், கண்டம் தாண்டிவிட்டது, ரத்தம் கூடிய பிறகு ஆபரேஷனை வைத்துக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்காரர் மேலே பார்த்துக் கும்பிட்டார். இட்லி வாங்கிவரக் கீழே போனார். நான் சும்மா கிடந்தேன். உயிர் பிழைத்ததைவிட இன்னொன்றுதான் மனசைக் குடைந்தது. ஆசை என்று நினைத்ததும் என் ஆசை இல்லை, பக்தி என்று நினைத்ததும் என் பக்தி இல்லை. அப்புறம் நான் என்று இருந்தது யார் என்று யோசிக்க யோசிக்க எரிச்சலாக வந்தது.

மகள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். போன் கையில் இல்லை. அது எனக்கே அதிசயமாக இருந்தது.

"எம்மா, டாக்டர் ஐஸும் மண்ணும் மட்டுந்தான் சொன்னாங்களா?"

"பச்சரிசி, சாம்பல்னாங்க. எதுக்குட்டி கேக்க?"

"சிலேட்டுக்குச்சி?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. அவள் தன் பையின் உள்ஜிப்பைத் திறந்தாள். சின்னப்பிள்ளைகள் எழுதுகிற சிலேட்டுக்குச்சி, ஒரு பெட்டி. பாதிக்குமேல் காலி. மிச்சமிருந்ததில் ஒன்றிரண்டில் பல் தடம் இருந்தது. பத்தாவது படிக்கும்போது தின்னத் தொடங்கினாளாம். கூடப் படிக்கிற பிள்ளைகளும் தின்பார்களாம், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம்.

நான் எழுந்து உட்காரப் பார்த்தேன், கையில் ஊசி இழுத்தது. "ஒனக்கும் மாசாமாசம் ரொம்பப் போகுதா?" என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். "ஸ்கூல்ல ஒருநா மயங்கிட்டேன். வெயிலுக்குன்னு சொல்லிட்டேன்."

எனக்கு ரத்தம் ஐந்துகூட இல்லை என்று சொன்னபோது வராத பயம் மொத்தமும் சேர்ந்து வந்தது. பயத்தோடு கோபமும் வந்தது, என் வழக்கப்படி. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "ஏம்ட்டி எங்கிட்ட சொல்லல? பெத்தவகிட்ட சொல்லுததுக்கு என்ன?"

அவள் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. என் கைக்கு ரத்தம் ஏறுகிற குழாயைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"நீ யாருட்டம்மா சொன்ன?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இவளுக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று நர்ஸைக் கூப்பிட்டேன்.